நல்ல நேரம் நாலே முக்கால்

தம்பி, உங்க டோக்கன் நம்பர் என்ன? எழுபத்தி நாலா. எனக்கு எழுபத்தி ரெண்டு. இப்பத்தான் நாப்பத்தி ஒம்போது ஓடுது. அவசரப்படாதீங்க, இங்க அப்படித்தான். இந்த ஹால்ல நான் வந்து ஒக்கார்றது ஆறாவது தடவை. போனையெல்லாம் கீழயே வாங்கி வெச்சுக்கிட்டாங்க, அப்புறம் பேசறதத் தவிர மனுஷன் என்ன செய்வான்.

அந்த ஃபைல இப்படிக் குடுங்க. கூச்சப்படாதீங்க, பாத்துட்டுத் தந்துடறேன். படிக்கப் போறீங்களா? நெனச்சேன். பாருங்க, மார்க் ஷீட்ட மேல வெச்சுட்டு பாங்க் கடுதாசிய அடியில வெச்சிருக்கீங்க. விசா குடுக்கறவன் மொதல்ல பாக்கறது நீங்க எவ்ளோ படிச்சிருக்கீங்கன்னு இல்ல, அங்க வந்து சோத்துக்கு நிப்பீங்களான்னுதான். மேல வையுங்க. ஆங், அப்படி. பந்தியில எலைய எந்தப் பக்கம் போடணும்னு ஒரு மொறை இருக்கா இல்லையா, அது மாதிரிதான் இதுவும்.

என் பேரு கோதண்டபாணி. திருச்சி, உறையூர். பங்கஜம் மகால்னு ஒரு கல்யாண மண்டபம், அதுல பதினெட்டு வருஷம் மேனேஜர். எந்த நாட்டுக்குன்னு மட்டும் கேக்காதீங்க. கெளம்பற மனுஷன எங்கன்னு கேக்கக் கூடாது, கேட்டா காரியம் நின்னுரும். மொதத் தடவை நான் தெரு முழுக்கச் சொல்லிட்டேன், அதுலதான் ஆரம்பிச்சுது எல்லாம். இங்க பதினாலு நாட்டுக்கு மனு வாங்கறாங்க. அதுல ஒண்ணுன்னு வெச்சுக்குங்க.

விசாவப் பத்தி என்கிட்ட என்ன வேணும்னாலும் கேளுங்க. படிக்கற விசா, வேலை விசா, நிரந்தரமாத் தங்கற விசா, பொண்டாட்டி புருஷனுக்கான விசா, சுத்திப் பாக்கற விசா. யாரு எதுக்குத் தகுதி, யாரு தகுதியில்ல, ஆளப் பாத்த ஒடனே சொல்லிடுவேன். எங்க ஏரியாவுல என்கிட்ட ஆலோசனை கேட்டுட்டுப் பதினேழு பேரு வெளிநாடு போயிட்டாங்க. ஒருத்தனும் நான் சொன்ன மாதிரி செய்யல, அது வேற விஷயம்.

பாயிண்டுக் கணக்கு தெரியுமா உங்களுக்கு? நீங்க ஸ்டூடன்ட், இப்பத் தேவையில்ல. நாளைக்கு வேணும், அதனால கேட்டுக்குங்க. நிரந்தரமாத் தங்கணும்னா அவங்க மனுஷனுக்கு மார்க் போடுவாங்க. வயசுக்கு இத்தன, படிப்புக்கு இத்தன, இங்கிலீஷுக்கு இத்தன, வேலை அனுபவத்துக்கு இத்தன. அறுபத்தஞ்சு தாண்டினாத்தான் உள்ள விடுவாங்க. எட்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு இது தெரிய வந்துச்சு. அன்னிலருந்து யாரப் பாத்தாலும் எனக்குப் பாயிண்டுதான் தெரியும். மண்டபம் புக் பண்ண வர்ற மாப்பிள்ளைக்கெல்லாம் மனசுக்குள்ள போட்டுப் பாப்பேன். ஒரு தடவ பொண்ணோட அப்பா கிட்ட வாய் விட்டுட்டேன், மாப்பிள்ளைக்கு அம்பத்தஞ்சுதான் வருது சார்னு. அந்த மனுஷன் ஏதோ ஜாதகப் பொருத்தத்துல கொறையின்னு நெனச்சு ஓன்னு அழுதுட்டாரு. கல்யாணம் நிக்கற வரைக்கும் போயிருச்சு. நான்தான் போய், இது இந்தியாவுல செல்லாது, வெளிநாட்டுக்குத்தான்னு சமாதானம் பண்ணேன்.

சரி, எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். என் சம்சாரம் தமயந்தி, நர்ஸு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தா. ஒரே பொண்ணு, தாரணி. ஒரு ஞாயித்துக்கிழமை நான் பேப்பர் பேனா எடுத்து ரெண்டு பேருக்கும் பாயிண்டு போட்டேன். எனக்கு அம்பத்தஞ்சு. தமயந்திக்கு எம்பது. மூணு தடவ கூட்டிப் பாத்தேன். எம்பதுதான்.

அவ சாம்பாருக்குப் பருப்பு கடைஞ்சுக்கிட்டே எட்டிப் பாத்தா. பாத்துட்டு, அப்ப என் பேர்ல போட்டுடலாமேன்னா. ரொம்ப சாதாரணமாச் சொன்னா. என் பேர்ல போட்டா நான் யாருன்னு கேட்டேன். நீங்க டிபெண்டன்ட்டுன்னா.

டிபெண்டன்ட்டுன்னா என்னன்னு தெரியும்தானே உங்களுக்கு. ஒருத்தர அண்டி இருக்கறவன். ஃபாரத்துல மெயின் அப்ளிகண்ட்டுன்னு அவ பேரு மேல, அவள அண்டி இருக்கறவங்கன்னு கீழ ரெண்டு பேரு, நானும் எங்க எட்டு வயசுப் பொண்ணும். தம்பி, நான் கல்யாண மண்டபத்துக்காரன். பத்திரிகையில பெரியப்பா பேரு சித்தப்பா பேருக்குக் கீழ வந்துருச்சுன்னு முகூர்த்த நேரத்துல வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்னவங்களப் பாத்திருக்கேன். பேரு வரிசைன்னா சும்மா இல்ல. ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர் நான். அதனால என் பேர்லதான் போகணும், என் பாயிண்ட ஏத்திக்கறேன்னு சொன்னேன். அவ பருப்புக் கடையற மத்த நிறுத்தினா, அப்புறம் திரும்பக் கடைஞ்சா.

ஏத்தறதுக்கு அஞ்சு வருஷம் பாடுபட்டேன். இங்கிலீஷ் பரீட்சை மூணு தடவ எழுதினேன். பேசற பரீட்சையில, உனக்குப் புடிச்ச ஒரு எடத்தப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசுன்னாங்க. நான் பங்கஜம் மகாலப் பத்திப் பேசுனேன். ஏசி ஹால், நானூறு பேரு ஒக்கார்ற பந்தி, ஜெனரேட்டர் தனி, பாத்திரம் தனி, முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்குச் சாவி. பரீட்சை வெச்ச அந்தம்மா நிறுத்தச் சொன்னாங்க, நான் நிறுத்தல. அட்வான்ஸ் வரைக்கும் சொல்லிட்டுத்தான் நிறுத்தினேன். அரை மார்க்ல போச்சு. மூணு தடவையும் அதே அரை மார்க்.

பெரிய அநியாயம் என் வயசுதான். எனக்குப் பொறந்த தேதி ஜூன் ஒண்ணு. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான், ஹெட்மாஸ்டர் போட்டது. அந்தக் காலத்துல ஸ்கூல்ல சேக்கும்போது என்ன செய்வாங்க? வலது கையத் தலைக்கு மேலயா வளைச்சு இடது காதத் தொடச் சொல்லுவாங்க. தொட்டா அஞ்சு வயசு. எனக்குச் சின்ன வயசுலேயே கை நீளம். நாலு வயசுல டக்குனு தொட்டுட்டேன். அவரு அஞ்சுன்னு எழுதிட்டாரு. எங்கம்மாவுக்கு ஒரே பெருமை. நாப்பது வருஷம் கழிச்சு அதுல எனக்கு ஒரு வருஷம் போச்சு தம்பி. நாப்பத்தஞ்சு ஆயிட்டா வயசுக்கு உண்டான பாயிண்டு மொத்தமும் சைபர். நெசமான வயசு நாப்பத்தி நாலு ஆகும்போது காகிதத்துல நாப்பத்தஞ்சு.

விடல நான். அந்த ஹெட்மாஸ்டர் முசிறிப் பக்கம் இருக்காருன்னு விசாரிச்சுப் போனேன். எம்பத்தாறு வயசு, ஈசிச்சேர்ல படுத்திருந்தாரு. அய்யா, என் வயச ஒண்ணு கூட்டிப் போட்டுட்டீங்க, ஒரு கடுதாசி எழுதிக் குடுங்கன்னேன். என்ன மேலயும் கீழயும் பாத்தாரு. எங்க, கைய வெச்சுக் காட்டுன்னாரு. நானும் அந்த வயசுல அவரு முன்னாடி தலைக்கு மேலயா கைய வளைச்சு நின்னேன். காதத் தாண்டி தாடை வரைக்கும் போச்சு. நான் போட்டது சரிதான்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டாரு.

நாப்பத்தஞ்சு வந்துருச்சு. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு ஒக்காந்தப்ப நானே சொன்னேன், சரி தமயந்தி, ஒன் பேர்லயே போடுவோம்னு. விட்டுக் குடுக்கறதும் குடும்பத் தலைவன் வேலைதானே. ரெண்டு நிபந்தனை போட்டேன். ஒண்ணு, கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு என்கிட்டத்தான் இருக்கும், எல்லாக் காகிதமும் நான்தான் பாத்துக்குவேன். ரெண்டு, வெளியில கேட்டா, அவரு கூட்டிட்டுப் போறாருன்னு சொல்லணும். அவ ரெண்டுக்கும் தலையாட்டினா. நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து பகல்ல ஒக்காந்து அந்த நாட்டு நர்ஸுப் பரீட்சைக்குப் படிச்சா. மொதத் தடவையிலேயே பாஸ் பண்ணா. அவளுக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி.

கார்த்திகை எட்டாந் தேதி அங்கருந்து அழைப்பு வந்துருச்சு. அறுபது நாளைக்குள்ள முழு மனுவையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, கடைசியா ஒரு பட்டன அமுக்கணும். அவ்ளோதான் வேலை. போலீஸ் சர்டிபிகேட்டு, மெடிக்கலு, அது இதுன்னு மிச்சக் கார்த்திகை முழுக்க ஓடிருச்சு. எல்லாத்தையும் ஏத்தி முடிச்சு, பட்டன் மட்டும் பாக்கி. பாத்தா மார்கழி பொறந்துருச்சு.

நீங்க சிரிக்கறீங்க. உங்க வீட்டுல மார்கழியில பொண்ணு பாக்கப் போவாங்களா? எங்க மண்டபத்துல மார்கழி மாசம் வெள்ளையடிக்கற ஆளத் தவிர ஒருத்தன் வரமாட்டான். பதினெட்டு வருஷம் பஞ்சாங்கத்த வெச்சு சோறு தின்னவன், ஒரு குடும்பமே கடல் தாண்டிப் போற காரியத்த மார்கழியில பண்ணுவனா? தமயந்தி கேட்டா, பட்டன் அமுக்கறதுக்குமான்னு. தாலி கட்டறதும் மூணு முடிச்சுதான், அதுக்கு ஏன் நாள் பாக்கறோம்னு கேட்டேன்.

தை பொறந்துச்சு. மொத மூணு நாள் கரிநாள். அப்புறம் ரெண்டு நாள் எனக்குச் சந்திராஷ்டமம். அப்புறம் ஒரு நாள் அவளுக்கு ஆகாது. நல்ல முகூர்த்த நாள்னு வந்தது தை ஒம்போது, வெள்ளிக்கிழமை. அதுதான் கடைசி நாளும். பாத்தீங்களா, ரெண்டும் ஒண்ணாச் சேந்து வருது. கடவுளே போட்ட கணக்குன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.

மண்டபத்து ஆபீஸ் கம்ப்யூட்டர முந்தின நாளே தொடச்சு, மவுஸுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சேன். காலையில ஒம்பதே காலுலருந்து பத்தே கால் வரைக்கும் நல்ல நேரம். ஆனா அன்னிக்கு தை மாசத்து மொத முகூர்த்தம், மண்டபத்துல கல்யாணம். சரியா ஒம்பதரைக்கு ஜெனரேட்டர் நின்னுருச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் என்னச் சுத்திக்கிட்டாங்க. நான் டீசல் கேன் தூக்கிக்கிட்டு ஓடறேன், மணி பத்தரை. பத்தரையிலருந்து பன்னெண்டு ராகு காலம். போச்சு.

பன்னெண்டுலருந்து மூணு வரைக்கும் சும்மாத்தானே இருந்துச்சுன்னு நீங்க கேப்பீங்க. தமயந்தியும் கேட்டா. ஆஸ்பத்திரியிலருந்து மூணு தடவ போன் பண்ணா. அமுக்கிட்டீங்களா, அமுக்கிட்டீங்களான்னு. கெட்ட நேரம் இல்லங்கறதுக்காக நல்ல நேரம் ஆயிடுமா தம்பி? வெறும் நேரத்துல ஒரு காரியத்த ஆரம்பிக்கறதா? மூணுலருந்து நாலரை எமகண்டம். அது கழிஞ்சு, நாலே முக்காலுக்கு நல்ல நேரம். ஒரு ஆபரேஷனுக்கு உள்ள போறேன், வெளிய வர்றதுக்குள்ள அமுக்கிடுங்கன்னு கெஞ்சினா. அவ அப்படிக் கெஞ்சி நான் பாத்ததில்ல. நீ நிம்மதியாப் போய் வேலையப் பாருன்னு சொன்னேன்.

நாலே முக்கால். கூட ஒரு நிமிஷம் விட்டேன், கடிகாரம் முன்ன பின்ன இருக்கும்னு. சாமி கும்புட்டுட்டு அமுக்கினேன். காலம் முடிஞ்சு போச்சுன்னு வருது. திருப்பி அமுக்கறேன், திருப்பி அதே. அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. அவங்க நாடு நமக்குக் கெழக்கால இருக்கு. நம்ம நாலரை மணிக்கு அங்க ராத்திரி பன்னெண்டு. நம்ம எமகண்டம் முடியுது, அங்க நாளே முடிஞ்சுருது. பதினாறு நிமிஷம் தம்பி. பதினாறு நிமிஷத்துல போச்சு. அறுபது நாள் குடுத்தவன், எந்த ஊரு அறுபது நாள்னு கொட்டை எழுத்துல போட வேணாமா? எழுதிப் போட்டேன் அவங்களுக்கு. எங்க நாட்டு எமகண்டத்த நீங்க கணக்குல எடுத்திருக்கணும்னு, நல்ல இங்கிலீஷ்ல, ரெண்டு பக்கம். நன்றின்னு ஒரு வரி பதில் வந்துச்சு.

ராத்திரி தமயந்தி வந்தா. சொன்னேன். கத்துவா, அழுவான்னு நெனச்சேன். சமாதானப்படுத்தறதுக்குத் தயாராத்தான் இருந்தேன். அவ செருப்பக் கழட்டினா, கைய கால அலம்பினா, தாரணி சாப்பிட்டாளான்னு கேட்டா. அப்புறம், அந்தப் பாஸ்வேர்ட ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்கன்னா. அவ்ளோதான் கேட்டா. எழுதிக் குடுத்தேன். கோவப்படாத பொம்பள தம்பி, அந்த விஷயத்துல நான் குடுத்து வெச்சவன்.

அதுக்கப்புறம் அவளே ஏதோ பண்ணிக்கிட்டிருந்தா. நானும் மனசு விட்டுப் போய் இருந்தேனா, கேட்டுக்கல. அங்க ஒரு ஆஸ்பத்திரியே அவள வேலைக்கு எடுத்து, வேலை விசாவுக்கு மனு போடச் சொல்லியிருக்கு. எப்பப் போட்டா தெரியுமா? செவ்வாக்கெழமை. மத்தியானம் மூணரை மணி. சுத்தமான ராகு காலம். அன்னிக்குத் தேய்பிறை அஷ்டமி வேற. ஆஸ்பத்திரி கேண்டீன்ல டீ குடிச்சுக்கிட்டே போன்லயே அமுக்கியிருக்கா. பதினோரு நாள்ல விசா வந்துருச்சு. எனக்கு அத எப்படி எடுத்துக்கறதுன்னே இன்னிக்கு வரைக்கும் புரியல. விதிவிலக்குன்னு ஒண்ணு இருக்கும்ல, அதுன்னு வெச்சுக்கிட்டேன்.

மனுவோட நகல அவ அலமாரியில வெச்சிருந்தா. எடுத்துப் பாத்தேன், காகிதம்னா எனக்குப் பாக்காம இருக்க முடியாது. உடன் வருவோர்னு ஒரு கட்டம். மகள், ஆம். கணவர், இல்லை. நான் போய்க் கேட்டேன், என்ன தமயந்தி, தப்பா டிக் பண்ணிட்டியேன்னு. தப்பா பண்ணலங்க, அப்படித்தான் பண்ணியிருக்கேன்னா. நானும் யோசிச்சுப் பாத்தேன். சரிதான் அவ பண்ணது. மூணு பேருன்னா மூணு பேருக்கும் மெடிக்கல், மூணு பேருக்கும் கேள்வி. மொதல்ல ரெண்டு பேரு போய், வீடு பாத்து, மூணு மாசத்துல என்னக் கூப்பிட்டுக்கறது. என்கிட்ட விசாவப் பத்திக் கேட்டுக் கேட்டு அவளும் நல்லாத் தேறிட்டான்னு நெனச்சேன். பொண்ணக் கூட்டிட்டுப் போக அப்பாவோட சம்மதக் கடுதாசி வேணும்னா. நல்ல நேரம் பாத்து நோட்டரி கிட்டப் போய்க் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அதுல ஒரு தப்பு சொல்ல முடியாது.

அப்பவே நான் பங்கஜம் மகால் வேலைய விட்டுட்டேன். சால்வையெல்லாம் போட்டாங்க. ஓனரு, நாதஸ்வரக்காரரு, சமையல் மாஸ்டர், எல்லாரும் நின்னு போட்டோ எடுத்துக்கிட்டோம். வாடகை வீட்டக் காலி பண்ணோம். கட்டில், பீரோ, கிரைண்டர், எல்லாத்தையும் அக்கம்பக்கம் குடுத்தாச்சு. மூணு மாசத்துக்கு அதெல்லாம் எதுக்கு?

ஏர்போர்ட்டுல கண்ணாடிக் கதவு வரைக்கும் போனேன். தாரணி தூக்கக் கலக்கத்துல இருந்தா. தமயந்தி பெட்டிய வண்டியில ஏத்திட்டு என்னத் திரும்பிப் பாத்தா. நான் பின்னாடியே வந்துடறேன்னு சொன்னேன். அவ சொன்னா:

"நீங்க நல்ல நேரம் பாத்து வாங்க."

பாத்தீங்களா. அவ்ளோ அவசரத்துலயும், அந்தக் கூட்டத்துலயும், என் மனசறிஞ்சு ஒரு வார்த்தை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இருபது வருஷம் என்னக் கிண்டல் பண்ணவ, கடைசியில நாள் கெழமைய நம்ப ஆரம்பிச்சுட்டா பாருங்கன்னு பக்கத்துல நின்ன டாக்ஸிக்காரர்கிட்டச் சொன்னேன்.

அது ஆச்சு ரெண்டேகால் வருஷம்.

இல்ல, இல்ல, சண்டையெல்லாம் ஒண்ணும் கெடையாது. அப்படி நெனச்சுடாதீங்க. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போன் பேசுவோம். புருஷன்ங்கற வகையில டிபெண்டன்ட் விசா போடலாம்னு நானே சொல்லிட்டேன், இப்ப எனக்கு டிபெண்டன்ட்டுங்கற வார்த்தையில ஒண்ணும் மனக்கொறை இல்லன்னு. அதுக்கு ரெண்டு பேரும் சேந்து வாழறதுக்கு ஆதாரம் காட்டணும். கல்யாணப் போட்டோ ஒண்ணு இருக்கு, அதுல அவ தரையப் பாத்துக்கிட்டிருக்கா, நான் ஐயரப் பாத்துக்கிட்டிருக்கேன். ரெண்டாயிரம் கல்யாணத்துக்குச் சாவி குடுத்தவன் என் கல்யாணத்த நிரூபிக்கறதுக்கு ஒரு காகிதம் இல்லாம நிக்கறேன். அங்கருந்து அவ ஒரு கடுதாசி குடுத்தாப் போதும். பாக்கலாம், இப்ப ஷிஃப்ட் ஜாஸ்தின்னா. நர்ஸு வேலை அப்படித்தான், உக்கார நேரம் இருக்காது.

நான் இப்ப எங்க இருக்கேன்னு கேக்கறீங்களா? மண்டபத்துலதான். ஓனரு நல்ல மனுஷன், மாடியில மாப்பிள்ளை ரூம்ல தங்கிக்கச் சொல்லிட்டாரு. அட்டாச்டு பாத்ரூம், பெரிய கண்ணாடி, எல்லா வசதியும் இருக்கு. முகூர்த்த நாள்ல மட்டும் நெசமான மாப்பிள்ளை வந்துடுவாரு, அப்ப நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துடணும். தெருவுல பாக்கறவங்க, என்ன கோதண்டபாணி, கெளம்பிட்டியான்னு கேப்பாங்க. ஆமான்னுடுவேன். வைகாசியில மட்டும் பதினோரு தடவ கெளம்பினேன்.

அதனாலதான் இப்பல்லாம் சுத்திப் பாக்கற விசா. சுலபமானது. மூணு வாரம். அவ அழைப்புக் கடுதாசியும் அனுப்பிட்டா, பாருங்க, டைப் அடிச்சு, கையெழுத்துப் போட்டு. தங்கற எடம்னு இருக்குல்ல, அதுல பக்கத்துல ஒரு லாட்ஜோட பேரு போட்டிருக்கா. வீட்டுல எடம் கொஞ்சம் சின்னதாம். எனக்கு எடஞ்சலா இருக்கக் கூடாதுன்னு பாக்கறா.

எல்லாம் சரியா இருக்கு தம்பி. ஒரே ஒரு கேள்விதான் மாட்டிக்கிச்சு. இதே ஹால்ல நாலு தடவ இதுக்காகவே திருப்பி அனுப்பிட்டாங்க. முப்பத்தொண்ணாவது கேள்வி. பயணம் முடிஞ்சு சொந்த நாட்டுக்குத் திரும்பி வர்றதுக்கு உங்களுக்கு என்ன காரணம் இருக்கு, ஆதாரத்தோட எழுதுன்னு போட்டிருக்கான். அவங்களுக்குப் பயம், போனவன் அங்கேயே ஒக்காந்துடுவானோன்னு. நியாயமான பயம்தான்.

வேலைன்னு எழுதலாம்னா, வேலைய நான்தான் சால்வையோட விட்டேன். வீடுன்னு எழுதலாம்னா, மாப்பிள்ளை ரூமுக்கு யாரு பத்திரம் குடுப்பா? குடும்பம்னு எழுதலாம்னா, குடும்பம் அங்கல்ல இருக்கு. எட்டு வருஷமா நான் பாத்த வேலை பூரா, இங்க என்னக் கட்டிப் போடறதுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுங்கறதுதான். ஒண்ணு ஒண்ணா அவுத்து விட்டேன். இப்ப வந்து, உன்னக் கட்டியிருக்கற கயித்தக் காட்டுன்னா, நான் எங்க போவேன்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லல. போன ஞாயித்துக்கெழமை தாரணி பேசுனா. பெரிய பொண்ணா ஆயிட்டா, இப்ப அந்த ஊருப் புள்ளைங்க மாதிரியே பேசறா, பாதி எனக்குப் புரியறதில்ல. இது புரிஞ்சுது. "அப்பா, நீங்க வந்தா எப்பத் திரும்பிப் போவீங்க?" அப்படின்னு கேட்டா.

நான் இன்னும் கெளம்பவே இல்ல தம்பி. மூணே வாரம்தாம்மா, கரெக்டாத் திரும்பிடுவேன்னு சொன்னேன். பின்னாடி தட்டு அலம்பற சத்தம் கேட்டுது, அதுவும் நின்னுருச்சு. தமயந்தி நின்னு கேட்டுக்கிட்டிருந்தான்னு எனக்குத் தெரியும். ஏதாவது சொல்லுவான்னு போன காதுலயே வெச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் தண்ணி ஊத்தற சத்தம் வந்துச்சு. போன வெச்சுட்டு அந்தப் பெரிய கண்ணாடிக்கு முன்னாடி ஒக்காந்திருந்தேன். வலிச்சுது தம்பி. விசா ஆபீஸர் கேட்டா பதில் எழுதலாம், பெத்த பொண்ணு கேட்டா?

எழுபது கூப்பிடறாங்க. எனக்கு இன்னும் ஒரு ஆளுதான். பேனா வெச்சிருக்கீங்களா? முப்பத்தொண்ணுக்குக் கீழ நாலு வரி எடம் விட்டிருக்காங்க. எனக்கு நாலு வேண்டாம், ஒண்ணு போதும். நீங்க படிச்ச புள்ள, யோசிச்சு ஒரு காரணம் சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்.